பென்சீனுக்குக் கணக்கு எழுதுவது எப்படி?

கிணற்றிலிருந்து வெளிவரும் இயற்கை வாயு தூய மெத்தேன் அன்று. அதில் நீராவியும் கலந்திருக்கிறது. மிகுந்த அழுத்தத்தில் மெத்தேனும் நீரும் சேர்ந்து பனிக்கட்டி போன்ற திண்மப் பொருளாகின்றன. இதற்கு ஹைட்ரேட் என்று பெயர். வெப்பநிலை 0° செல்சியசுக்கு மேல் இருக்கும்போதே இது உருவாகிக் குழாயை அடைத்துவிடும். ஆகவேதான் வாயுவைக் குழாயில் அனுப்புமுன் உலர்த்துகிறார்கள்.

உலர்த்தும் முறை எளியது. உயரமான கோபுரம் ஒன்றில் வாயு கீழிருந்து மேலே செல்கிறது. டிரை எத்திலீன் கிளைக்கால் என்னும் திரவம் மேலிருந்து கீழே வழிந்து, வாயுவிலுள்ள நீரை உறிஞ்சுகிறது. பின்னர் இத்திரவத்தை வேறொரு கலனில் ஏறத்தாழ 200° செல்சியஸ் வரை சூடாக்குகிறார்கள். நீர் ஆவியாகிப் போய்விடுகிறது. கிளைக்காலின் கொதிநிலை இதைவிட மிக உயர்ந்தது. ஆதலால் அது தங்கி, மீண்டும் கோபுரத்துக்குத் திரும்புகிறது.

இங்கேதான் சிக்கல் தோன்றுகிறது. வாயுவில் சிறிதளவே இருக்கும் பென்சீனையும் கிளைக்கால் உறிஞ்சிக்கொள்கிறது. பென்சீனின் கொதிநிலை 80°. எனவே நீராவியுடன் அதுவும் வெளியேறுகிறது. பென்சீன் இரத்தப் புற்றுநோயை உண்டாக்கவல்லது என்பது நீங்கள் அறிந்ததே.

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் 1999-ல் இதற்கு ஒரு விதி வகுத்தது. ஆண்டுக்கு 0.9 டன்னுக்குக் குறைவாகப் பென்சீன் வெளிவிடும் உலர்த்திகளுக்குக் கட்டுப்பாட்டுச் சாதனம் பொருத்துவதிலிருந்து அவ்விதி விலக்கு அளித்தது. ஆனால் அந்த அளவைக் கணக்கிட்டு ஏட்டில் வைத்திருக்க வேண்டியிருந்தது. நேரில் அளக்கலாம்; அல்லது ஜி.ஆர்.ஐ.-கிளைகால்க் என்னும் கணிப்பொறித் திட்டத்தால் கணக்கிடலாம்.

ஓர் எடுத்துக்காட்டைப் பாருங்கள். ஓர் உலர்த்தி மணிக்கு 100 கிராம் பென்சீன் வெளிவிடுவதாகக் கொள்வோம். ஆண்டுக்கு 8,760 மணி. ஆகவே மொத்தம் 876 கிலோ, அவ்விதிப்படி விலக்கு கிடைக்கும். அதுவே மணிக்கு 110 கிராம் என்றால் 963.6 கிலோ, விலக்கு இல்லை. மணிக்குப் பத்தே கிராம் வேறுபாடு! சுழலும் கிளைக்காலின் அளவு கூடக்கூட, வெளியேறும் பென்சீனும் ஏறத்தாழ அதே விகிதத்தில் கூடும். பம்பைச் சற்று வேகமாக ஓட்டினாலே எல்லையைத் தாண்டிவிடலாம்.

2010-ல் பசுங்குடில் வாயுக்களுக்கும் அறிக்கை கேட்கும் விதி வந்தது. அதே உலர்த்தி வெளிவிடும் மெத்தேனுக்குத் தனிக் கணக்கு. ஆனால் இரண்டுக்கும் வேண்டிய விவரங்கள் பெரும்பாலும் ஒன்றே: வாயுவின் கலவை, அழுத்தம், வெப்பநிலை, ஓட்ட அளவு, கிளைக்கால் சுழலும் வேகம். இவற்றை வெவ்வேறு தாள்களில் திரும்பத் திரும்ப எழுதினால் பிழைகள் புகும். ஓர் அறிக்கையில் ஓர் எண்ணும், மற்றதில் வேறோர் எண்ணும் நிற்கும். மானிகள் காட்டுவதை ஒரே பதிவேட்டில் ஒருமுறை சேர்த்து, அதிலிருந்தே எல்லா அறிக்கைகளையும் தயாரிப்பதுதான் சீரான வழி.

ஆனால் எளிமையில் ஓர் ஆபத்தும் உண்டு. பழைய வாயு மாதிரியின் கலவையைக் கொடுத்தாலும் கணிப்பொறி தயங்காமல் விடை தரும். ஒரே பதிவேட்டில் புகுந்த தவறு எல்லா அறிக்கைகளிலும் பரவும்.

இதைக் கண்டுபிடிக்கப் பொருண்மை அழியா விதி உதவுகிறது. சூடாக்கும் கலனுக்குள் செல்லும் கிளைக்காலில் லிட்டருக்கு எவ்வளவு பென்சீன்? வெளிவரும் கிளைக்காலில் எவ்வளவு? இரண்டின் வேறுபாட்டை, மணிக்குச் சுழலும் லிட்டர்களால் பெருக்குங்கள். காணாமற்போன அந்தப் பென்சீன்தான் கலனைவிட்டு ஆவியாய்ச் சென்றது.

ஆகவே இத்தகைய அறிக்கையைக் காணும்போது மூன்று கேள்விகள் கேளுங்கள். வாயு மாதிரி எப்போது எடுக்கப்பட்டது? பம்பின் வேகம் அளக்கப்பட்டதா, பெயர்ப்பலகையைப் பார்த்து எழுதப்பட்டதா? கணிப்பொறியின் விடை கிளைக்கால் சோதனையோடு ஒத்துப்போகிறதா? இம்மூன்றுக்கும் விடை உள்ள அறிக்கையையே, அந்த ஆலைக்கு அருகில் வாழும் மக்கள் நம்பலாம்.