மீன்தொட்டிக்கு நிலவு செய்வோர் கவனத்திற்கு

மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் என்று கடலோரமாக வரிசைப்பட்டு நிற்கும் நம் ஊர்களில் நிலவைக் கணக்கில் எடுக்காமல் ஒரு மாதமும் கழிவதில்லை. நோன்புக்கும் பெருநாளுக்கும் மேற்கு வானத்தில் தலைப்பிறை தேடுகிறோம். மேகம் மறைத்துவிட்டால் கொழும்புப் பெரிய பள்ளிவாசலில் கூடியிருப்போரின் அறிவித்தலுக்காக வானொலியருகே காத்திருக்கிறோம். போயா தினங்களில் நாடு முழுவதும் விடுமுறை அனுபவிக்கிறோம். விளக்கு வைத்து மீன் பிடிக்கும் கடற்றொழிலாளரோ, நிலாக் காலத்தில் வெளிச்சத்துக்கு மீன் கூடாதென்று அந்நாட்களைத் தனியே எண்ணி வைத்திருக்கிறார்கள். இத்தனை பரிச்சயமிருந்தும், வீட்டு விறாந்தையில் கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கும் அன்பர்கள் சிலர், அதன்மேல் ஒரு நீல எல்.ஈ.டி. விளக்கைப் பொருத்தி, அதற்கு நிலவு என்று நாமகரணமும் சூட்டி, வளர்பிறை தேய்பிறை என்ற பேதமேயின்றி மாதத்தின் எல்லா இரவுகளிலும் விடியவிடிய எரியவிடுவது விசித்திரமாகத்தான் இருக்கிறது. விளக்குச் செய்வதை நான் குறை கூறவில்லை. அது சுலபமான, மனத்துக்கு உவப்பான கைவேலை. ஆனால் நிலவைச் செய்கிறவர் அதன் மங்கலையும் அது இல்லாத இருளையும் சேர்த்துச் செய்யாவிட்டால், அவர் செய்தது வெறும் தெருவிளக்கே.

கடலடி ஜீவராசிகளுக்கு நிலவு எவ்வளவு பிரதானமானது என்பதை விஞ்ஞானிகள் அறிந்துகொண்டது அண்மைக் காலத்தில்தான். பாசிக்குடாவிலும் திருகோணமலையை அடுத்த புறாத்தீவிலும் நாம் காணும் முருகைக்கல், ஆயிரமாயிரம் சிற்றுயிர்கள் சுண்ணாம்பால் கட்டிக்கொண்ட குடியிருப்பு. இடம்விட்டு இடம் நகர இயலாத அவ்வுயிர்களுள் பல தம் இனத்தைப் பெருக்கவேண்டுமானால் ஒரே இரவில், ஒரே நாழிகையில், முட்டையும் விந்தும் கலந்த இளஞ்சிவப்பு உருண்டைகளை நீரில் மிதக்கவிட்டாகவேண்டும். அவுஸ்திரேலியாவின் மாபெரும் முருகைத் தொடரில் பல இனங்கள் பௌர்ணமி கழிந்த சில இரவுகளுக்குள் இவ்வாறு ஒருங்கே கருவுயிர்ப்பதை இளம் ஆராய்ச்சியாளர் குழுவொன்று 1984ஆம் ஆண்டு ‘சயன்ஸ்’ சஞ்சிகையில் வெளியிட்டபோது உலகம் வியந்தது. கண்ணே இல்லாத ஜந்து நிலவை எவ்வாறு அறிகிறது என்ற கேள்விக்கு 2007இல் ஒரு விடை கிடைத்தது: நீல ஒளிக்கு உணர்வுள்ள கிரிப்டோகுரோம் என்னும் புரதத்தின் மரபணு, பௌர்ணமி இரவுகளில் முருகையின் உடலில் மிகுதியாகத் தொழிற்படுகிறதாம்.

இவ்வறிவைக் கொண்டு மனிதர் செய்த நிலவுகளுள் பெயர்பெற்றது இலண்டன் மாநகரின் தென்பகுதியிலுள்ள ஹோர்னிமன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. முருகை வளரும் எந்தக் கடலுக்கும் வெகுதூரத்திலுள்ள அக்கட்டடத்தில், ஜேமி கிரெக்ஸ் என்பாரும் அவருடைய சகாக்களும், சிங்கப்பூரிலிருந்தும் அவுஸ்திரேலியாவிலிருந்தும் வந்த முருகைகளைத் தொட்டிகளில் வைத்து, தாய்க்கடலின் வெப்பநிலை, பகலின் நீளம், வெயிலின் வலிமை, நிலவின் வளர்ச்சியும் தேய்வும் ஆகிய நான்கையும் கருவிகளால் அப்படியே பிரதிபலிக்கச் செய்து, அவற்றைத் திட்டமிட்டபடி கருவுயிர்க்கச் செய்த விவரத்தை 2017இல் வெளியிட்டனர். 2019இல் அமெரிக்காவின் புளோரிடா மீன்காட்சியகம், அழிவின் விளிம்பிலிருந்த தூண்முருகையை ஹோர்னிமன் நிலையத்தாரின் ஒத்துழைப்போடு தொட்டியில் கருவுயிர்க்கச் செய்தது.

நம் வீட்டு விளக்குக்காரர்கள் முக்கியமாகக் கவனிக்கவேண்டியது 2021இல் தாய்வான் தீவிலிருந்து வந்த ஆராய்ச்சி. பௌர்ணமிக்கு முன்பெல்லாம் சூரியன் மறைகையில் நிலவு ஏற்கெனவே வானில் நிற்கும். பௌர்ணமி கழிந்தபின் சூரியன் மறைவதற்கும் நிலவு எழுவதற்கும் இடையே ஓர் இருட்டு விழுகிறது, அது நாளுக்கு நாள் நீள்கிறது. அங்குள்ள ஒருவகை முருகைக்குக் கருவுயிர்க்கும் காலத்தை அறிவிக்கும் சமிக்ஞை அந்த இருட்டுத்தான். மஃரிபுடன் விளக்கைப் போட்டு சுபஹுவரை எரியவிடுகிறவர், முருகை காத்திருக்கும் அந்தச் சமிக்ஞையையே அழித்துவிடுகிறார். மீன்களுக்கும் இதில் பங்குண்டு: 2019இல் வெளியான ஒரு பரிசோதனையில், இரவிலும் செயற்கை ஒளி பட்ட கோமாளி மீனின் முட்டைகளில் ஒன்றேனும் பொரிக்கவில்லை.

இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லியாகவேண்டும். உயிருள்ள முருகையைக் கடலிலிருந்து பெயர்த்தெடுப்பதை நம் நாட்டுச் சட்டம் தடுக்கிறது. ஆகவே பாசிக்குடாவுக்குச் சுற்றுலாப் போய்த் துண்டொன்றைப் போத்தலில் போட்டுக்கொண்டு வருவதற்கு எந்த நியாயமும் கிடையாது. சீமெந்தில் வார்த்த பாறையும் மண்சட்டித் துண்டுகளும் வைத்துக் கோமாளி மீனையும் நண்டையும் வளர்ப்பவருக்கும் இந்நிலவு பயன்படும். பகலில் பொந்துக்குள் ஒளிந்துகிடக்கும் ஜீவன்கள் மங்கலில்தான் வெளியே உலாவுகின்றன.

இனி ஒளியின் அளவுக்கு வருவோம். உச்சிவெயிலின் பிரகாசம் ஏறத்தாழ 1,00,000 லக்ஸ்; முழுநிலவின் பிரகாசமோ கால் லக்ஸ் அளவே. கடையில் சில்லறையாக வாங்கும் ஐந்து மில்லிமீற்றர் எல்.ஈ.டி. ஒன்றின் வலிமை 5,000 மில்லிகண்டெலா என்று வைத்துக்கொண்டால், அரை மீற்றர் தூரத்தில் அது 20 லக்ஸ் ஒளி வீசும். அதாவது எண்பது பௌர்ணமிகளை ஒன்றாகத் தொங்கவிட்டதற்குச் சமம். சிலர் இப்படிப்பட்டவற்றைப் பன்னிரண்டு இருபது என்று வரிசையாக அடுக்குகிறார்கள்! ஒன்றே போதும். அதுவும் ஓரிடத்தில் நின்று எரியும் ஒற்றை விளக்கானால்தான், நீர்மட்டம் அசையும்போது அடிமணலில் ஒளிக்கோடுகள் நெளிந்தோடும். பல விளக்குகளைப் பரப்பினால் அக்கோலம் கலைந்துபோகும்.

நிறத்தைப் பற்றியும் ஒரு மயக்கம் நிலவுகிறது. நிலவொளி உண்மையில் நீலமன்று. சூரிய ஒளியே சந்திரனில் பட்டுத் திரும்புவதால் சற்றுச் செம்மையேறியே வருகிறது. மங்கலில் நம் கண் நீலத்துக்கு அதிக உணர்வு கொள்வதால் நமக்கு அது நீலமாகத் தோன்றுகிறது. ஆழ்கடலில் சிவப்பு வடிகட்டப்பட்டு நீலமே எஞ்சுவதால் நீல விளக்கைத் தவறென்று ஒதுக்கவும் முடியாது. எனினும் அளந்து பார்க்க வசதியானது மஞ்சள் சாயலுள்ள வெள்ளை எல்.ஈ.டி.யே என்பது என் அபிப்பிராயம்.

உபகரணங்கள் சொற்பம்: பழைய இணைய ரூட்டரோடு வந்த 12 வோல்ற்று அடப்டர் ஒன்று, எல்.ஈ.டி. ஒன்று, 470 ஓம் தடையி ஒன்று, வானொலியில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகியைப் போல 50,000 ஓம் திருகி ஒன்று. இவற்றை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரில் இணைக்கவேண்டும். எல்.ஈ.டி.யின் நீண்ட கால் நேர்முனைக்கு; குட்டைக் கால் மறைமுனைக்கு. எல்.ஈ.டி. ஏறத்தாழ மூன்று வோல்ற்றைத் தான் எடுத்துக்கொள்ள, எஞ்சிய ஒன்பதைத் தடையி தாங்கும். திருகியை முழுதும் திறந்தாலும் 19 மில்லிஅம்பியருக்கு மேல் மின்னோட்டம் போகாது, முழுதும் மூடினால் அதில் நூறில் ஒரு பங்களவே போகும். எல்.ஈ.டி.யின் குமிழ்த்தலையை மெல்லிய உப்புத்தாளால் பனிமூட்டம்போல் ஆகும்வரை தேய்த்துவிட்டால், ஒரே புள்ளியில் குவியும் ஒளி விரிந்து பரவும். இத்திருகியைக் கேட்டபோது எங்களூர் வானொலி திருத்துபவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “ஒரு எல்.ஈ.டி.க்கு இவ்வளவு பெரிய கொன்ட்ரோலா? மங்கிப்போய் ஒண்டும் விளங்காதே தம்பி!” என்றார். “விளங்காம இருக்கத்தான் காக்கா வாங்குறேன்” என்றேன்.

கால் லக்ஸை அளக்கும் கருவி நம்மிடம் இல்லையே என்று கவலைப்பட வேண்டியதில்லை. ஜெர்மானிய இரசாயனவியலாளர் புன்சன் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கையாண்ட உபாயம் இன்றும் செல்லும். வெள்ளைத்தாளில் ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் விட்டு ஊறவையுங்கள். அறையை நன்றாக இருட்டாக்கி, தாளின் ஒரு பக்கத்தில் இரண்டு மீற்றர் தூரத்தில் மெழுகுதிரியையும், மறுபக்கத்தில் அரை மீற்றர் தூரத்தில் உங்கள் எல்.ஈ.டி.யையும் வையுங்கள். ஒரு பக்கத்து வெளிச்சம் மிகுந்திருக்கும்வரை எண்ணெய்ப்பொட்டு தாளில் தனித்துத் தெரியும். திருகியை மெல்லக் குறைத்துக்கொண்டே வந்தால், இருபக்கமும் சமமாகும் தருணத்தில் பொட்டு மறைந்தாற்போல் தாளோடு கலந்துவிடும். சாதாரண மெழுகுதிரி இரண்டு மீற்றருக்கு அப்பால் தருவது ஏறத்தாழக் கால் லக்ஸ். அந்த இடத்தில் திருகியின் ஓரத்தில் கோடிட்டு ‘14’ என்று எழுதிவிடுங்கள். அதுவே உங்கள் பதினாலாம் பிறை. பாதிநிலவு முழுநிலவில் பாதி ஒளி தருமென்று நம்புகிறோம். அது தருவதோ பத்தில் ஒரு பங்குதான். அதற்கு மெழுகுதிரியை ஆறேகால் மீற்றருக்குத் தள்ளிவைத்து மறுபடி பார்த்து இன்னொரு கோடிடவேண்டும். நீண்ட விறாந்தை உள்ளவர்கள் பாக்கியசாலிகள்.

எரியவிடும் நேரத்துக்கு நம் வீட்டுச் சுவரில் தொங்கும் ஹிஜ்ரி நாட்காட்டியே வழிகாட்டி. அதிலுள்ள தேதியே நிலவின் வயது. நிலவு நாளுக்குச் சுமார் 50 நிமிடம் பிந்துகிறது. ஆகவே வளர்பிறையில் மஃரிபு நேரத்தில் விளக்கைப் போட்டு, பிறை ஏழில் நள்ளிரவையொட்டி அணைக்கவேண்டும். பதினான்கில் ஏறத்தாழ இரவு முழுவதும் எரியலாம். அதன்பின் தொடக்கம் பிந்திப் பிந்தி, பிறை பதினெட்டில் இரவு எட்டரையளவிலும் இருபத்திரண்டில் நள்ளிரவையொட்டியும் விளக்கு எழவேண்டும். இருபத்தெட்டு முதல் மூன்று நான்கு இரவுகள் விளக்கே வேண்டாம். இரவெல்லாம் விழித்திருக்க இயலாதவர் செருகியில் பொருத்தும் நேரக்கருவியை நாலைந்து நாளுக்கொருமுறை மாற்றிவைத்தால் போதுமானது. கணினி பயின்ற பிள்ளைகள் வீட்டிலிருந்தால், ஆர்டுயினோ பலகையும் சிறு கடிகாரப் பகுதியும் கொண்டு, 29.53 நாள் சுழற்சியில் நிலவைத் தானே வளர்ந்து தேயச் செய்துவிடுவார்கள்.

உப்புக்காற்றுப் படும் செம்பு சில மாதங்களில் பச்சை பூத்து அரித்துப்போகும். ஆகையால் ஈயம் பற்றவைத்த மூட்டுகளை, சூடு காட்டினால் சுருங்கும் குழாயால் முதலில் மூடி, பிறகே சிலிக்கன் பூசவேண்டும். வினாகிரி மணம் வீசும் சிலிக்கனை வெறுங்கம்பியில் பூசினால் அதன் அமிலமே செம்பைத் தின்னும். 230 வோல்ற்று செல்லும் எதுவும் தொட்டிக்குமேல் இருக்கலாகாது. அடப்டர் தூரத்துச் சுவரில் இருக்கட்டும். அதற்குச் செல்லும் கம்பி ஒருமுறை கீழே தாழ்ந்து பின் மேலேறட்டும், வழியும் நீர் அத்தாழ்விலேயே சொட்டிவிடும்.

எல்லாம் முடிந்தபின் இரவில் ஹோல் விளக்கையும் தொலைக்காட்சியையும் அணைத்துவிட்டு, சிறிது நேரம் கண்ணைப் பழக்கிக்கொண்டு தொட்டியைப் பாருங்கள். மீனின் உருவம் தெரிந்து, அதன் வண்ணம் தெரியாதிருந்தால் அளவு சரி. செம்மஞ்சளும் வெள்ளையும் பளிச்சென்று தெரிந்தால், திருகியை இன்னும் குறையுங்கள்.