திரை வந்துவிட்டது, கூட இருந்து காட்ட ஆள் வேண்டும்

இரவு எட்டு மணிக்கு வட்ஸ்அப் குழுவில் ஒரு கோப்பு வந்து விழுகிறது. அயல் பாடசாலை ஆசிரியர் ஒருவர் அனுப்பிய விஞ்ஞான மாதிரி வினாத்தாள். நாளைக் காலை பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடலாம் என்று ஆசிரியை கைத்தொலைபேசியில் அதைத் திறக்கிறார். திரை நிறைய ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் அடைப்புக்குறிகளும் சிதறிக் கிடக்கின்றன. தமிழ்ச் சொல் ஒன்றுகூட இல்லை. கோப்பு பழுதாகிவிட்டது என்று எண்ணி அழித்துவிட்டு, மறுநாள் அரை மணி நேரம் செலவழித்துத் தானே வேறு வினாக்களைக் கரும்பலகையில் எழுதிப்போடுகிறார்.

கோப்பில் ஒரு பழுதும் இல்லை. அது பாமினி எழுத்துருவில் தட்டச்சானது, அவ்வளவுதான். பாமினி, யூனிகோட் பரவுவதற்கு முந்திய காலத்து ஏற்பாடு. ஆங்கில எழுத்துக்குரிய இடத்தில் தமிழ் எழுத்தின் வடிவத்தை வைத்திருக்கும். அந்த எழுத்துரு உள்ள கணினியில் தமிழாகத் தெரியும். இல்லாத கைத்தொலைபேசியில் அடியில் கிடக்கும் ஆங்கில எழுத்துத்தான் மேலே வரும். கணினியில் தமிழுக்கான நியமத்தை எஸ்.எல்.எஸ். 1326 என்ற இலக்கத்தில் இலங்கைக் கட்டளைகள் நிறுவனம் 2008 இலேயே வெளியிட்டுவிட்டது. இருந்தும் பாடசாலைகளிலும் அச்சகங்களிலும் பாமினிக் கைப்பழக்கம் இன்னும் விடவில்லை. அனுப்புகிறவர் கோப்பைப் பி.டி.எஃப். ஆக்கி அனுப்பினால் எந்தத் தொலைபேசியிலும் தமிழ் தமிழாகவே தெரியும். பெறுகிறவர் அந்த எழுத்துகளை எழுத்துரு மாற்றியில் ஒட்டி யூனிகோட்டாக்கிக்கொள்ளலாம். சொல்லிக்கொடுக்க ஐந்து நிமிடம் பிடிக்கும். அந்த ஐந்து நிமிடத்தைப் படுவான்கரைப் பாடசாலை ஒன்றுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது யார்?

மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமானது. அதன் கிழக்கே, கடலோரமாக எழுவான்கரை. மேற்கே வயலும் குளமும் காடுமாகப் படுவான்கரை. பெரிய வைத்தியசாலை, பெரிய பாடசாலை, பேர்போன தனியார் வகுப்பு எல்லாம் எழுவான்கரையில். நெல் படுவான்கரையில். வவுணதீவு, கொக்கட்டிச்சோலை, வெல்லாவெளிப் பக்கத்துப் பாடசாலைகளில் படிப்பிக்கிறவர்களில் பலர் எழுவான்கரையிலிருந்து நாளாந்தம் வாவியைக் கடந்து போகிறவர்கள். 2014 இல் மண்முனைப் பாலம் திறக்கும்வரை மோட்டார் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு 'பாதை'யில்தான் போனார்கள். வெளியூர் வாசகருக்காகச் சொல்கிறேன், பாதை என்றால் இங்கே ஆளையும் வண்டியையும் ஏற்றி வாவியைக் கடத்தும் மிதவை. பாலம் வந்தது பெரிய ஆறுதல். ஆனாலும் மாரியில் வெள்ளம் வீதியை மூடுவதும், கிரான் - புலிபாய்ந்தகல் வீதி மூழ்கித் தோணியில் போகவேண்டி வருவதும், பொழுது சாய்ந்தால் யானைப் பயமும் இன்றைக்கும் உண்டு. பாடசாலை விட்டதும் பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும். பின்நேரம் இருந்து கணினி பழகலாமே என்று சொல்கிறவர்கள் இந்தப் பயணத்தை ஒரு மாரி காலத்தில் ஒரு தடவையாவது செய்துபார்க்க வேண்டும்.

இணையவழிக் கற்பித்தல் என்ற சொல் இந்தக் கிராமங்களுக்குள் பலமாக நுழைந்தது 2020 மார்ச்சில், கொரோனாவுக்காக நாட்டின் பாடசாலைகள் அனைத்தும் மூடப்பட்டபோது. கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்தில் பாடங்கள் இருந்தன. அதைப் பார்க்க டேட்டாக் கட்டணம் அறவிடாமல் தொலைத்தொடர்பு நிறுவனங்களும் உதவின. தொலைக்காட்சியில் சிங்களத்தில் 'குரு கெதர', தமிழில் 'குருகுலம்' ஒளிபரப்பானது. குறையாக இருந்தது, பிள்ளையின் கையில் இருக்கவேண்டிய கருவிதான். 2019 இல் எடுத்த கணக்கின்படி இலங்கையில் நூற்றுக்கு 22 வீடுகள் அளவில்தான் கணினி இருந்தது. கொழும்பிலிருந்து 160 கிலோமீற்றர் கிழக்கேயுள்ள போஹிட்டியாவ என்ற கிராமத்தில் 2021 இல் ஆசிரியரும் பிள்ளைகளும் சிக்னலுக்காகக் காட்டுவழியே மூன்று கிலோமீற்றருக்கு மேல் நடந்து பாறை உச்சிக்கு ஏறிய செய்தி உலகப் பத்திரிகைகளில் வந்தது. படம் பார்த்தவர்கள் வியந்தார்கள். நம்முடைய ஆசிரியர்கள் வியக்கவில்லை.

டேட்டாச் செலவைப் பெரும்பாலும் ஆசிரியர்களே தங்கள் சட்டைப்பையிலிருந்து கொடுத்தார்கள். 2021 ஜூலையில் சம்பள முரண்பாட்டை முன்வைத்து ஆசிரிய, அதிபர் சங்கங்கள் இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகி, அக்டோபர் வரை திரும்பாமல் இருந்ததை இந்தப் பின்னணியோடுதான் விளங்கிக்கொள்ள வேண்டும். அது ஓய்ந்து மூச்சு விடுவதற்குள் பொருளாதார நெருக்கடி. 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணி நேரம்வரை மின்வெட்டு. அடுத்து எரிபொருள் இல்லை என்று மறுபடியும் பாடசாலைகள் மூடின.

அந்த இரண்டு ஆண்டுகளில் பல ஆசிரியர்கள் தாங்களாகவே ஒன்றைக் கண்டுபிடித்துக்கொண்டார்கள். ஒரு மணி நேரச் சூம் வகுப்புக்கு ஒரு ஜி.பி.க்குக் கிட்ட டேட்டா போகும். படமும் பாதியில் உறைந்துவிடும். பாடப்புத்தகத்தின் பக்க எண்ணைச் சொல்லி ஐந்து நிமிடம் பேசி அனுப்பும் குரல் பதிவுக்கு ஒரு எம்.பி. போதும். சிக்னல் வந்த நேரத்தில் இறங்கும். அப்பாவின் தொலைபேசி வயலிலிருந்து வீட்டுக்கு வந்தபின் பிள்ளை இரண்டு, மூன்று தடவை கேட்கும். இந்த அறிவு எந்தச் செயலமர்விலும் கிடைத்ததில்லை. இதை ஒன்றுசேர்த்து, அடுத்த பாடசாலைக்கு எடுத்துப்போய்ச் சொல்ல ஏற்பாடு செய்யாமல் விட்டதுதான் பெரிய இழப்பு என்று நான் நினைக்கிறேன்.

நாம் செய்வது வேறொன்று. கருவி வாங்கிக் கொடுக்கிறோம். பழைய மாணவர் சங்கமோ வெளிநாட்டு உறவுகளோ நல்ல மனதோடு திறன்பலகை ஒன்றைக் கொடுக்கிறார்கள், நாடா வெட்டுகிறோம், படம் எடுக்கிறோம். கருவியை மட்டும் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்குப் பெரு நாட்டின் அனுபவம் சாட்சி. அங்கே பிள்ளைக்கு ஒரு மடிக்கணினி திட்டத்தில் கிராமப்புறப் பாடசாலைகளுக்கு இலட்சக்கணக்கான மடிக்கணினிகள் போயின. 319 பாடசாலைகளை ஒப்பிட்டு, அமெரிக்க நாடுகளுக்கிடையிலான அபிவிருத்தி வங்கி 2012 இல் வெளியிட்ட ஆய்வு, கணிதத்திலும் மொழியிலும் பிள்ளைகளின் புள்ளிகள் உயரவில்லை என்று கண்டது. ஆசிரியர் அதை வைத்துப் பாடத்தை எப்படி நடத்துவது என்பதை யாரும் போதிய அளவில் கூட இருந்து காட்டவில்லை.

கூட இருந்து காட்டினால் என்ன ஆகும் என்பதற்கு தென்னாபிரிக்காவைப் பார்க்கலாம். வடமேற்கு மாகாணத்தில் ஆரம்ப வகுப்பு வாசிப்புக்காக இரண்டு வழிகளைச் சோதித்தார்கள். ஒரு தொகுதி ஆசிரியர்களை மண்டபத்துக்கு அழைத்துப் பயிற்சி கொடுத்தார்கள். மற்றத் தொகுதியினரின் வகுப்பறைக்கே வழிகாட்டி ஒருவர் போய் வந்தார். பாடத்திட்டமும் பொருள்களும் இருவருக்கும் ஒன்றே. வகுப்பறைக்கு ஆள் போன பாடசாலைகளில் பிள்ளைகளின் வாசிப்பு முன்னேற்றம் ஏறத்தாழ இரண்டு மடங்கு. பின்னர் முமலாங்கா மாகாணத்தில் நேரில் போகாமல் தொலைபேசி வழியாகவும் டப்லட் வழியாகவும் வழிகாட்டிப் பார்த்தார்கள். மூன்று ஆண்டுகளின் பின் நேரில் போன இடங்களில் ஆங்கில வாசிப்பு முன்னேறியிருந்தது. தொலைவிலிருந்து வழிகாட்டிய இடங்களில் அந்த முன்னேற்றம் இல்லை. தொழினுட்பத்தைச் சொல்லிக்கொடுக்கவும் மனிதர் நேரில் போகத்தான் வேண்டியிருக்கிறது.

அப்படிப் போவதற்கான பதவி நம் நாட்டில் ஏற்கெனவே இருக்கிறது. அதன் பெயர் ஆசிரிய ஆலோசகர். ஒவ்வொரு வலயத்திலும் பாடவாரியாக இருக்கிறார்கள். மட்டக்களப்பு மாவட்டத்தில் கல்வி வலயங்கள் ஐந்து. வாவிக்கு அப்பாலும் வடக்கே காட்டோரமாகவும் உள்ள பாடசாலைகள் பெரும்பாலும் மட்டக்களப்பு மேற்கு, பட்டிருப்பு, கல்குடா வலயங்களுக்குள் வருகின்றன. ஆலோசகர் பாடசாலைக்குப் போனால் பாடக்குறிப்பும் பதிவேடும் பார்க்கும் வழக்கம் நம்மிடம் ஊறியிருக்கிறது. அன்றைய ஒரு பாடவேளையை மட்டும் அதற்கு விட்டுவிட்டு, ஆசிரியைக்குப் பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டு உட்காரலாம்.

உட்கார்ந்தபின் கவனிக்கவேண்டியது ஒன்றுதான்: மௌஸை ஆலோசகர் தொடக்கூடாது. "மிஸ், நீங்களே அழுத்துங்க" என்று சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொள்ள வேண்டும். ஆசிரியை தவறான இடத்தில் அழுத்துவார், சாளரம் மறைந்துபோகும், பதறுவார். திரும்ப எப்படி எடுப்பது என்பதை அவர் தன் கையாலேயே செய்துவிட்டால் அந்தப் பயம் அன்றோடு போய்விடும். இருபது ஆண்டு வகுப்பை ஆண்ட ஆசிரியை, தரம் எட்டுப் பிள்ளைக்கு முன்னால் கணினி சொல்கேளாமல் நிற்பதைக் கண்டு கூசுவதை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் கூச்சத்தைத் தீர்க்காமல் எத்தனை திரை மாட்டினாலும் அது துணி போர்த்தியே இருக்கும். ஒரு வருகைக்கு ஒரு கருவி போதும். இந்த மாதம் பி.டி.எஃப்., அடுத்த மாதம் குரல் பதிவு, அதற்கடுத்த மாதம் புரொஜெக்டர்.

சிக்னல் இல்லையே என்பது உண்மையான தடை. ஆனால் அதைச் சுற்றிப்போக வழி உண்டு. ரஸ்பெரி பை என்று உள்ளங்கை அளவில் ஒரு கணினி இருக்கிறது. கைத்தொலைபேசிக்குப் போடும் பவர்பேங்க் போன்ற ஒன்றிலேயே ஓடும்; மின்வெட்டு வந்தாலும் அது நிற்காது. அதில் அதற்கென ஆயத்தப்படுத்திய ஒரு மெமரி கார்டைச் செருகிவிட்டால் அது தானே ஒரு வைஃபையை உண்டாக்கும். வெளியே இணையம் வேண்டாம். அறைக்குள் இருக்கிற கணினிகள் அதனோடு இணைந்து, உள்ளே இருப்பதை இணையத்தளம் பார்ப்பதுபோலப் பார்க்கும். கணினி அறையில் உள்ளவை வைஃபை இல்லாத பழைய பெட்டிகளாக இருந்தால் கேபிளால் இணைக்கலாம்.

உள்ளே என்ன வைப்பது? கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் பாடநூல்கள், கடந்தகால வினாத்தாள்கள். கிவிக்ஸ் என்ற இலவச மென்பொருளின் வழியாகத் தமிழ் விக்கிப்பீடியா முழுவதும். 2005 இலிருந்து ஈழத்துத் தமிழ் நூல்களையும் சஞ்சிகைகளையும் எண்ணிமமாக்கிவரும் நூலகம் தளத்திலிருந்து பிள்ளைகளுக்கு உகந்த சில. அதோடு, அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகம் நடத்தும் ஃபெற் என்ற திட்டத்தின் விஞ்ஞானச் செயல்விளக்கங்கள். பல தமிழிலும் உண்டு, தரவிறக்கி வைத்து இணையமின்றி ஓட்டலாம். அம்பியர்மானி இல்லாத பாடசாலையில் மின்சுற்றுப் பாடத்தை நினைத்துப் பாருங்கள். திரையில் ஒரு மின்கலத்தையும் குமிழையும் கம்பியால் இணைத்தால் குமிழ் எரிகிறது. இன்னொரு மின்கலம் சேர்த்தால் பிரகாசம் கூடுகிறது. இரண்டாவது குமிழைத் தொடராக இணைத்தால் மங்குகிறது, சமாந்தரமாக இணைத்தால் மங்கவில்லை. ஏன் என்று பிள்ளையே கேட்கும். அந்தக் கேள்வி எழுந்த இடத்தில் ஆசிரியை பாடத்தைத் தொடங்கலாம். தவணைக்கு ஒருமுறை அந்தப் பெட்டியைக் கைப்பையில் போட்டு எழுவான்கரைக்குக் கொண்டுவந்து புதுப்பித்துக்கொண்டால் ஆண்டு ஓடிவிடும்.

யூடியூபில் தமிழ்ப் பாடங்கள் கொட்டிக் கிடக்கின்றனவே, இவ்வளவு பாடு எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். கொட்டிக் கிடப்பவற்றில் பெரும்பகுதி தமிழ்நாட்டுப் பாடத்திட்டம். நல்ல பாடங்கள்தான். ஆனால் அங்கே ஆக்ஸிஜன், இங்கே ஒட்சிசன். அங்கே முடுக்கம், இங்கே ஆர்முடுகல். அங்கே கார்பன் டை ஆக்சைடு, இங்கே காபனீரொட்சைட்டு. காணொளியை மட்டும் பார்த்த பிள்ளை, விளங்கியும் பரீட்சையில் சொல் தெரியாமல் தடுமாறும். காணொளியை நிறுத்தி, "இவர் முடுக்கம் என்கிறார், நாங்கள் ஆர்முடுகல் என்று எழுதுவோம்" என்று சொல்ல வகுப்பில் ஆசிரியர் நிற்க வேண்டும். இந்த வாவிக்கரையில் கல்லடி-உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தைக் கட்டியெழுப்பிய சுவாமி விபுலாநந்தர், 1930களில் சென்னையில் கலைச்சொல்லாக்கக் குழுவுக்குத் தலைமை தாங்கினார். அந்தச் சொற்றொகுதி 1938 இல் நூலாக வந்தது. விஞ்ஞானம் பிள்ளையின் மொழியில் பிள்ளையின் ஊருக்கு வரவேண்டும் என்பதற்காக உழைத்த மனிதரின் மண் இது. சூமையும் புரொஜெக்டரையும் எப்படி இயக்குவது என்று படம்போட்டு விளக்கும் நாலு பக்கத் தமிழ்க் கையேடு ஒன்று ஒவ்வொரு ஆசிரியர் கையிலும் இருக்கவேண்டாமா? கிழக்குப் பல்கலைக்கழகமும் தாளங்குடாவில் உள்ள தேசிய கல்வியியல் கல்லூரியும் சேர்ந்தால் ஒரு தவணைக்குள் செய்து முடிக்கக்கூடிய வேலை.

கேட்பது பெரிய தொகை இல்லை. கஷ்டப் பிரதேசப் பாடசாலை ஒவ்வொன்றுக்கும் மாதம் ஒரு தடவை ஆலோசகர் ஒருவர் போய்வர மோட்டார் சைக்கிளுக்குப் பெற்றோல். ஆசிரியருக்கு டேட்டாக் கொடுப்பனவு. தவணைக்கு ஒரு மெமரி கார்ட். வலயக் கல்விப் பணிப்பாளர்கள் தங்கள் ஆண்டுத் திட்டத்தில் இதற்கு ஒரு வரி எழுத வேண்டும். ரொறன்ரோவிலும் இலண்டனிலும் இருந்து ஊர்ப் பாடசாலைக்குத் திறன்பலகை வாங்கிக் கொடுக்க நினைக்கிற உறவுகளிடமும் ஒரு வேண்டுகோள்: பலகையைக் கொடுங்கள், அதோடு, அதைத் தொட்டுப் பழகும்வரை ஆசிரியரோடு உட்கார்ந்திருக்கும் ஒருவரின் ஓராண்டுப் போக்குவரத்துச் செலவையும் சேர்த்துக் கொடுங்கள்.