வானத்துக் காற்றும் தரையில் பிறக்கும் தாமதமும்

லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்துக்கும் நியூயார்க்கின் கென்னடி விமான நிலையத்துக்கும் இடைப்பட்ட தொலைவு ஏறத்தாழ 5,550 கி.மீ.; எந்தக் கரையிலிருந்து அளந்தாலும் அது மாறுவதில்லை. ஆயினும் மேற்கு நோக்கி நியூயார்க்குக்குச் செல்லும் விமானத்துக்குக் கால அட்டவணை ஏறத்தாழ எட்டு மணி நேரத்தையும், அதே கடலைக் கிழக்கு நோக்கிக் கடந்து லண்டனுக்குத் திரும்பும் விமானத்துக்கு ஏறத்தாழ ஏழு மணி நேரத்தையும் ஒதுக்குகிறது. பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்வதால் மேற்கே உள்ள ஊர் தானாகவே விமானத்தை எதிர்கொண்டு வரும், ஆகவே மேற்குப் பயணமே குறுகியதாக இருக்க வேண்டும் என்று சிலர் கணக்குப் போடுவதுண்டு. பூமியோடு சேர்ந்து அதன் வளிமண்டலமும் சுழல்கிறது என்பதை மறந்துவிடுவதால் அந்தக் கணக்கு தப்பிப்போகிறது. அந்த ஒரு மணி நேர வேறுபாட்டை உண்டாக்குவது காற்று.

விமானத்துக்கு இரண்டு வேகங்கள் உண்டு. சுற்றியுள்ள காற்றைக் கிழித்துக்கொண்டு அது முன்னேறும் வேகம் காற்றுசார் வேகம். தரையிலுள்ள ஒரு புள்ளியிலிருந்து பார்க்கும்போது அது இடம்பெயரும் வேகம் தரைசார் வேகம். இறக்கைகளுக்கும் எஞ்சின்களுக்கும் முதலாவதே பொருட்டு, ஊர் போய்ச் சேர வேண்டிய பயணிக்கு இரண்டாவதே பொருட்டு. ஆற்றோட்டத்தோடு போகும் பரிசலும் ஓட்டத்தை எதிர்த்து வரும் பரிசலும் ஒரே வலுவில் துடுப்புப் போட்டாலும் கரையிலிருந்து பார்ப்பவருக்கு ஒன்று விரைவதாகவும் மற்றது திணறுவதாகவும் தெரிவதைப் போன்றதே இதுவும். 2020 பிப்ரவரி 9 அன்று, சியாரா என்ற புயலை ஒட்டி வட அட்லாண்டிக்கின் மேல் வீசிய கடுங்காற்றின் துணையோடு, பிரிட்டிஷ் ஏர்வேஸின் போயிங் 747 ஒன்று நியூயார்க்கிலிருந்து 4 மணி 56 நிமிடத்தில் லண்டனைத் தொட்டது. அதன் தரைசார் வேகம் ஒரு கட்டத்தில் மணிக்கு ஏறத்தாழ 1,327 கி.மீ. வரை சென்றபோதும், அது ஒலியின் வேகத்தைத் தாண்டிவிட்டதாகச் சொல்ல முடியாது. ஏனெனில் தன்னைச் சூழ்ந்த காற்றுக்குள் அது வழக்கமான வேகத்திலேயே பறந்துகொண்டிருந்தது, அந்தக் காற்றே விமானத்தைச் சுமந்துகொண்டு ஓடியது.

இப்படி ஓடும் காற்றுக்கு ஜெட் காற்றோட்டம் என்று பெயர். வெப்பமண்டலத்துக்கும் துருவங்களுக்கும் இடையிலான வெப்பநிலை வேறுபாடும் பூமியின் சுழற்சியும் சேர்ந்து, தரையிலிருந்து ஏறத்தாழ 9 முதல் 12 கி.மீ. உயரத்தில், சில நூறு கி.மீ. அகலமும் சில கி.மீ. தடிமனும் கொண்ட இந்தக் காற்று ஆறுகளை மேற்கிலிருந்து கிழக்காக ஓடவிடுகின்றன. வெப்பநிலை வேறுபாடு குளிர்காலத்தில் மிகுவதால் காற்றும் அப்போதுதான் உக்கிரமடைகிறது. மணிக்கு 150, 200 கி.மீ. என்பது சாதாரணம், 300 கி.மீ. தாண்டுவதும் உண்டு. பயணிகள் விமானங்கள் விரும்பிப் பறக்கும் உயரமும் ஏறக்குறைய இதுவேதான். 1920-களில் ஜப்பானின் டடேனோ ஆய்வகத்திலிருந்து சிறு பலூன்களை மேலே விட்டு இக்காற்றை அளந்தவர் வசாபுரோ ஓய்ஷி. உலகம் முழுவதும் படிக்க வேண்டும் என்ற ஆவலில் தம் முடிவுகளை அவர் 1926-இல் எஸ்பெராந்தோ என்ற செயற்கை மொழியில் வெளியிட்டார். அதனாலேயே உலகம் அதைப் படிக்காமல் போயிற்று என்பது விஞ்ஞான வரலாற்றின் சிறு பரிதாபங்களுள் ஒன்று. 1944-இன் இறுதியில் ஜப்பானின் மேல் மிக உயரத்தில் பறந்த அமெரிக்க பி-29 குண்டுவீச்சு விமானங்கள், குறி தப்பும் அளவுக்கு இக்காற்றில் அடித்துச் செல்லப்பட்ட பிறகே அதன் வலிமை பரவலாக உணரப்பட்டது.

தென்னிந்தியாவின் வானத்தில் கதை சற்று வேறு. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் தரையை ஒட்டி மேல்காற்று வீசிக்கொண்டிருக்க, ஏறத்தாழ 14 முதல் 16 கி.மீ. உயரத்தில் அதற்கு நேர் எதிராகக் கிழக்கிலிருந்து மேற்காக ஒரு ஜெட் காற்றோட்டம் தீபகற்பத்தைக் கடந்து ஓடுகிறது. இந்த வெப்பமண்டலக் கீழைக் காற்றோட்டத்தை 1950-களில் ஆராய்ந்து விளக்கியவர், பின்னாளில் இந்திய வானிலைத் துறையின் தலைமைப் பொறுப்பை வகித்த பி. கோட்டீஸ்வரம். விமானங்கள் அதன் மையத்துக்குக் கீழேயே பறந்தாலும் அதன் கீழ்விளிம்பின் இழுப்பை உணர்கின்றன. ஆகவே ஜூலையில் சென்னையிலிருந்து வளைகுடா நோக்கிச் செல்லும் விமானத்துக்கு அது முதுகைத் தள்ளும் காற்று, திரும்பி வரும்போது முகத்தில் அடிக்கும் காற்று. வாடை என்றால் வடக்கிலிருந்து வருவது, கொண்டல் என்றால் கிழக்கிலிருந்து வருவது என்று வரும் திசையை வைத்தே தமிழ் காற்றுக்குப் பெயரிட்டிருக்கிறது. விமானிகளின் வானிலைக் குறிப்பிலும் காற்றின் திசை என்பது அது புறப்பட்டு வரும் திசையே.

போகும்போது இழந்ததைத் திரும்பும்போது பெற்றுக்கொள்ளலாம், இரண்டும் சரியாகிவிடும் என்று தோன்றலாம், சரியாவதில்லை. காற்றில்லாத வானத்தில் மணிக்கு 900 கி.மீ. வேகத்தில் 6,000 கி.மீ. செல்லும் விமானத்துக்குப் போக 6 மணி 40 நிமிடமும் வர அதே அளவுமாக மொத்தம் 13 மணி 20 நிமிடம் ஆகும். மணிக்கு 100 கி.மீ. காற்று வீசினால் அதே விமானம் காற்றோடு 6 மணி நேரத்திலும் காற்றை எதிர்த்து 7½ மணி நேரத்திலும் பறந்து, மொத்தத்தில் 10 நிமிடத்தை இழக்கும். சாதகமான காற்றில் குறைவான நேரமும் பாதகமான காற்றில் கூடுதலான நேரமும் இருக்க நேர்வதே இதற்குக் காரணம்.

ஆகவே நெடுந்தொலைவு விமானங்கள் நிலப்படத்தில் குறுகிய வழியைத் தேடுவதில்லை, காற்றுப்படத்தில் விரைவான வழியைத் தேடுகின்றன. வட அட்லாண்டிக்கில் ஜெட் காற்றோட்டத்தின் அன்றாட இருப்பைப் பார்த்து, மேற்கே போகும் பகல் விமானங்கள் அதை ஒதுக்கிச் செல்லவும் கிழக்கே வரும் இரவு விமானங்கள் அதன்மேல் ஏறிக்கொள்ளவும் தோதாக, கனடாவின் கேண்டர் மையமும் மறுகரையின் ஷான்விக் மையமும் நாளுக்கு இருமுறை வான்தடங்களை வகுக்கின்றன. இதைவிடத் துணிச்சலான உதாரணம் ஏர் இந்தியாவினுடையது. டெல்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு அட்லாண்டிக் வழியாக மேற்கே பறந்துகொண்டிருந்த அந்நிறுவனம், 2016 அக்டோபரில் அவ்விமானத்தைக் கிழக்கே பசிபிக்கின் மேல் திருப்பிவிட்டது. புதிய வழி 15,000 கி.மீ.-க்கும் மேற்பட்டது, பழைய வழியைவிட ஆயிரத்துச் சொச்சம் கி.மீ. நீளம், ஆனாலும் பின்னாலிருந்து தள்ளிய காற்றினால் விமானம் ஏறத்தாழ 14½ மணி நேரத்தில், முன்பைவிடச் சீக்கிரமாகவே போய்ச் சேர்ந்தது.

இவ்வளவு வலிமையுள்ள காற்றுதான் விமானத் தாமதங்களுக்கும் காரணம் என்று முடிவுகட்டுவது அவசரம். உயரத்துக் காற்று இன்று பல மணி நேரத்துக்கு முன்பே கணினி மாதிரிகளால் நன்றாகவே கணிக்கப்படுகிறது. எவ்வளவு எரிபொருள் ஏற்ற வேண்டும், எந்த உயரத்தில் பறக்க வேண்டும் என்பதெல்லாம் அந்தக் கணிப்பின்படி முடிவான பிறகே விமானம் கதவை மூடுகிறது. திட்டமிடுபவர் சராசரிக் காற்றை நம்பி விளிம்புவரை போய்விடும்போதுதான் அது தொல்லையாகிறது. 2011-12 குளிர்காலத்தில் ஐரோப்பாவிலிருந்து அமெரிக்காவின் கிழக்குக் கரைக்கு, தம் எட்டுதூரத்தின் எல்லையில் இயக்கப்பட்ட போயிங் 757 விமானங்கள், வழக்கத்தை மீறிய எதிர்க்காற்றில் எரிபொருள் போதாமல், கனடாவில் இறங்கி நிரப்பிக்கொண்டு போக நேர்ந்தது இத்தகையது. காற்று அங்கே குற்றவாளியா, அல்லது அந்தக் காற்றுக்கு இடமே விடாமல் போடப்பட்ட அட்டவணை குற்றவாளியா என்று கேட்டால், பின்னதைச் சொல்வதே பொருத்தம்.

தரையை நெருங்கும்போதுதான் காற்று உண்மையிலேயே நேரத்தைத் தின்னத் தொடங்குகிறது. விமானங்கள் எதிர்க்காற்றை நோக்கியே இறங்கவும் ஏறவும் வேண்டும் என்பதால் காற்று திசை மாறினால் ஓடுபாதையையும் எதிர்முனையிலிருந்து பயன்படுத்த வேண்டும், வானில் வரிசையில் நிற்பவை எல்லாம் சுற்றிக்கொண்டு வர வேண்டும். பயணிகள் அறியாத இன்னொரு சிக்கலும் உண்டு. முன்னே செல்லும் விமானத்தின் இறக்கை நுனிகள் கிளப்பிவிடும் சுழல்காற்றில் பின்னது சிக்காதிருக்க இரண்டுக்கும் நடுவே குறிப்பிட்ட தொலைவு விடப்படுகிறது. அது 4 கடல் மைல், அதாவது சுமார் 7.4 கி.மீ. என்றும், விமானங்களின் காற்றுசார் வேகம் மணிக்கு 260 கி.மீ. என்றும் கொண்டால், காற்றில்லாத நாளில் 102 நொடிக்கு ஒன்றாக மணிக்கு 35 விமானங்கள் இறங்கலாம். மணிக்கு 65 கி.மீ. எதிர்க்காற்று வீசும் நாளில் தரைசார் வேகம் 195 ஆகச் சுருங்குவதால் அதே இடைவெளியைக் கடக்க 137 நொடி பிடிக்கும், மணிக்கு 26 விமானங்களே இறங்க முடியும். வெயில் அடிக்கிறது, மழை இல்லை, ஓடுபாதை காலியாகத் தெரிகிறது, ஆனாலும் மணிக்கு ஒன்பது விமானங்களுக்கு இடமில்லை. ஆண்டுக்கு 4,80,000 விமான இயக்கங்கள் என்ற உச்சவரம்பை ஒட்டியே இயங்கும் ஹீத்ரோவில் இந்த இழப்பைத் தாங்க முடியாததால், பலத்த காற்று சுழல்காற்றையும் விரைவில் கலைத்துவிடும் என்பதைக் கருத்தில் கொண்டு, இடைவெளியைத் தொலைவால் அளக்காமல் நேரத்தால் அளக்கும் முறையை பிரிட்டனின் வான்போக்குவரத்துச் சேவை நிறுவனமான நாட்ஸ் 2015 மார்ச்சில் அங்கே நடைமுறைக்குக் கொண்டுவந்தது.

இனி, பயணச்சீட்டில் அச்சான நேரம் எதைக் குறிக்கிறது என்று பார்க்க வேண்டும். அது பறக்கும் நேரமன்று. புறப்படும் ஊரில் சக்கரத்தை அணைத்திருக்கும் கட்டைகளை எடுத்து விமானம் நகரத் தொடங்குவது முதல், சேரும் ஊரில் நிறுத்துமிடத்தில் மீண்டும் கட்டை வைப்பது வரையிலான முழு நேரமே அது. துறையினர் அதை பிளாக் டைம் என்பர். முந்தைய ஆண்டுகளில் அதே பருவத்தில் அதே வழியில் ஆன நேரங்களைத் திரட்டி, பெரும்பாலான நாட்களுக்குப் போதுமான ஓர் அளவை நிறுவனங்கள் தேர்ந்தெடுக்கின்றன. குளிர்காலக் காற்றும் மாலைநேர நெரிசலும் அதற்குள் ஏற்கெனவே கணக்கில் வந்துவிடுகின்றன. இதற்குமேல் சில நிமிடங்களைப் பொதிந்து வைப்பதும் வழக்கம். அமெரிக்காவிலும் இந்தியாவிலும் குறித்த நேரத்துக்குப் பின் 15 நிமிடத்துக்குள் வரும் விமானம் நேரந்தவறாத விமானமாகவே கணக்கிடப்படுவதால், அரை மணி நேரம் தாமதமாகக் கிளம்பிய விமானமும் பல நாட்களில் நல்ல பெயரோடு வந்து சேர்கிறது. இதை வெறும் ஏமாற்று என்று சொல்லிவிடுவதற்கில்லை. ஆனால் ஒரு நிறுவனம் தன் விமானங்களில் இத்தனை விழுக்காடு நேரம் தவறுவதில்லை என்று விளம்பரம் செய்யும்போது, அது வேகமாகப் பறக்கிறதா, தாராளமாக நேரம் போட்டுக்கொண்டிருக்கிறதா என்பதை அந்த விழுக்காடு காட்டிக்கொடுப்பதில்லை. பொதிவுக்கும் ஓர் எல்லை உண்டு. ஒவ்வொரு பயணத்திலும் பத்து நிமிடம் கூட்டினால் நாள் முடிவில் ஒரு பயணம் குறையும். விமானம் தரையில் நிற்கும் நேரத்துக்கு வருமானம் கிடையாது.

அந்த வருமானக் கணக்கே தாமதத்தை ஊர் ஊராகக் கொண்டுபோகிறது. டெல்லியில் காலை ஆறு மணிக்குத் தொடங்கி, சென்னை, மதுரை, மறுபடி சென்னை, கோயம்புத்தூர், மறுபடி சென்னை என்று ஓடி இரவில் டெல்லி திரும்ப வேண்டிய ஒரு விமானத்தை எடுத்துக்கொள்ளலாம். ஜனவரி அதிகாலையில் டெல்லியில் காற்று அசையாமல் கிடப்பதால் மூடுபனி தேங்கி நிற்கிறது (வீசாத காற்றும் தொல்லைதான்), விமானம் 75 நிமிடம் பிந்திக் கிளம்புகிறது. பொதிந்து வைத்த நிமிடங்களால் சென்னை சேரும்போது பத்து நிமிடம் ஈடாகிறது; துப்புரவு, எரிபொருள், பெட்டிகள், பயணிகள் என்று நாற்பது நிமிடம் ஒதுக்கிய இடத்தில் முப்பதே நிமிடத்தில் வேலையை முடித்து இன்னொரு பத்தை மீட்கிறார்கள். ஆனால் தனக்குரிய ஓடுபாதை நேரத்தைத் தவறவிட்ட விமானம் நெரிசல் வேளையில் வரிசையின் கடைசியில் நின்றாக வேண்டியிருப்பதால் மீட்ட பத்தும் அங்கேயே கரைகிறது. பளிச்சென்ற வெயிலில் மதுரையில் உட்கார்ந்திருக்கும் பயணிக்கு, வர வேண்டிய விமானம் தாமதமாக வருகிறது என்ற அறிவிப்பு மட்டுமே கேட்கிறது. அந்தத் தாமதத்தின் பிறப்பிடம் இரண்டாயிரம் கி.மீ.-க்கு அப்பால் இருக்கிறது. வேகத்தைக் கூட்டி ஈடுகட்டலாமே என்றால், பயணிகள் விமானங்கள் ஏற்கெனவே ஒலி வேகத்தின் ஐந்தில் நான்கு பங்கை ஒட்டிப் பறப்பதால், குறுகிய பயணத்தில் எரிபொருளைக் கொட்டினாலும் சில நிமிடமே மிஞ்சும்.

விமானத்தோடு ஆட்களும் சங்கிலியில் கோக்கப்பட்டிருக்கிறார்கள். விமானிகளும் பணிக்குழுவினரும் ஒரு நாளில் இத்தனை மணி நேரமே பணியில் இருக்கலாம் என்ற சட்ட வரம்பு உண்டு. தாமதத்தில் அந்த வரம்பு தீர்ந்துவிட்டால், விமானம் தயாராக நின்றாலும் அதை எடுக்க ஆள் இல்லை. இதன் உச்சத்தை 2022 டிசம்பரில் அமெரிக்காவின் சவுத்வெஸ்ட் ஏர்லைன்ஸ் கண்டது. அமெரிக்காவின் பெரும்பகுதியை உறையவைத்த குளிர்காலப் புயல் எல்லா நிறுவனங்களையும்தான் அடித்தது. மற்றவை சில நாட்களில் எழுந்துகொண்டன. ஒரு மைய நகரத்துக்குத் திரும்பத் திரும்ப வந்து போகாமல் ஊரிலிருந்து ஊருக்கு நூல் கோத்தாற்போல் விமானங்களை ஓட்டிய சவுத்வெஸ்டுக்கோ, எந்த விமானி எந்த ஊரில் தங்கியிருக்கிறார் என்பதே தெரியாமல் போயிற்று. பணியாளர்களை விமானங்களோடு பொருத்தும் மென்பொருள் மாற்றங்களின் வெள்ளத்தில் திணற, பணிக்குத் தயாராக இருந்தவர்கள் தாம் இருக்கும் இடத்தைச் சொல்லவே தொலைபேசியில் மணிக்கணக்கில் காத்திருந்தார்கள். 16,900 விமானங்கள் ரத்தாகி, இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட பயணிகள் கிறிஸ்துமஸ் வேளையில் தவித்தார்கள். ஓராண்டு கழித்து அமெரிக்கப் போக்குவரத்துத் துறை அந்நிறுவனத்துக்கு விதித்த அபராதம் 14 கோடி டாலர்.

விமான நிறுவனங்களின் அட்டவணை ஆண்டுக்கு இருமுறை, மார்ச் கடைசி ஞாயிறிலும் அக்டோபர் கடைசி ஞாயிறிலும் மாறுகிறது. கடந்த காலக் காற்றை வைத்தே அது எழுதப்படுகிறது. வளிமண்டலத்தில் கரியமில வாயு இரட்டிப்பானால் ஜெட் காற்றோட்டம் வலுப்பெற்று, அட்லாண்டிக்கைக் கடக்கும் விமானங்கள் அனைத்தும் சேர்ந்து ஆண்டுக்கு ஏறத்தாழ 2,000 மணி நேரம் கூடுதலாகப் பறக்க நேரிடும் என்று ரெடிங் பல்கலைக்கழகத்தின் பால் வில்லியம்ஸ் 2016-இல் கணக்கிட்டுச் சொன்னார். கிழக்கே வரும் விமானங்கள் சில நிமிடம் மிச்சம் பிடிக்கும், மேற்கே போகும் விமானங்கள் அதைவிடக் கூடுதலாக இழக்கும், 6,000 கி.மீ. கணக்கில் கண்ட அந்தப் பத்து நிமிடத்தின் பெரிய வடிவம்தான் அது.