சிறு விமானம் செய்வோம்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

வானொலி அலையால் இயக்கும் சிறு விமானத்திற்கு முதற்பகை எடையே. எடை கூடினால் மிதக்க வேகமும் கூட வேண்டும். விழுந்தால் சேதமும் கூடும். ஆதலால் தெர்மோகோல் தகட்டில் இறக்கை வெட்டி, மூங்கில் குச்சியால் வலுவூட்டினேன். மொத்தம் 200 கிராமுக்குள் அடங்கியது.

அடுத்தது சமநிலை. இறக்கை அகலத்தில், முன்விளிம்பிலிருந்து ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குத் தொலைவில் ஈர்ப்பு மையம் அமைய வேண்டும். அவ்விடத்தில் இரு விரல்களால் தாங்கினேன், வால் தாழ்ந்தது. வால் கனத்தால் மூக்கு நிமிரும். இறக்கை தூக்கு விசையை இழக்கும். மின்கலத்தை முன்னே நகர்த்தினேன், சரியாயிற்று.

மோட்டார் கல்வி உதவித்தொகையில் வாங்கியது; உடைந்தால் வேறில்லை. எனவே முதலில் மோட்டாரை இயக்காமல், புல்தரையில் காற்றுக்கு எதிராக மெல்ல எறிந்தேன். நேராகச் சறுக்கி இறங்கியது. பின்னரே மோட்டாரை இயக்கினேன், பறந்தது!

நண்பர்களே, எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். பாடநூலின் திருப்புத்திறன் தத்துவத்தை அன்றுதான் கண்ணால் கண்டேன். நீங்களும் முயலுங்கள்.