தெற்கு வாசலில் மூன்று கதவுகள்

சாலாக் செலாத்தான் முதல் சுங்கை பீசி வரை ஒரு காலத்தில் ஈய லம்பங்கள். ஈயத்தை வாரியெடுத்த குழிகளில் தண்ணீர் நின்று ஏரிகளாயின. அந்த ஏரிகளின் பெயரைச் சுமக்கும் பண்டார் தாசேக் செலாத்தான்தான் இன்று கோலாலம்பூரின் தெற்கு வாசல்.

சிரம்பான் தடத்துக் கோமுட்டர் ரயில் இங்கே நிற்கும். 1998இல் எல்ஆர்டி வந்தது. 2002இல் விமான நிலையம் செல்லும் கேஎல்ஐஏ டிரான்சிட். ஆனாலும் இதைச் சந்திப்பு மையமாக்கியது ரயில் அல்ல, பஸ். 2011 ஜனவரியில் டிபிஎஸ் பஸ் முனையம் திறக்கப்பட்டு, தெற்கே போகும் விரைவு பஸ்கள், பழைய பஸ் நிலையமான புடுராயாவுக்குப் பதிலாக இங்கிருந்து புறப்படத் தொடங்கின. பிறகு வடக்கு, கிழக்குக்கரை பஸ்களும் வந்து சேர்ந்தன.

புடுராயாவை அறிந்தவர்களுக்கு இந்த முனையத்தின் அருமை தெரியும். அங்கே படியிறங்கினால் முகத்தில் அறையும் டீசல் புகை, கையைப் பிடித்து இழுக்கும் டிக்கெட் தரகர்கள், எந்த பஸ் எங்கே நிற்கிறது என்ற தவிப்பு. டிபிஎஸ்ஸில் எந்த முகப்பிலும் எந்த நிறுவனத்தின் டிக்கெட்டும் கிடைக்கும்; குளிர்சாதனக் கூடத்தில் உட்கார்ந்து, திரையைப் பார்த்து வாசலுக்குப் போகலாம். இதில் குறை சொல்ல மனம் வரவில்லை.

குறை, முனையத்தை ரயில் நிலையத்தோடு இணைக்கும் பாலத்துக்கு அந்தப் பக்கம், ரயில்களில் இருக்கிறது. தீபாவளிக்கு முந்தைய நாள் போய்ப் பாருங்கள். ஈப்போவிலிருந்து வந்திறங்கிய குடும்பம். அப்பா கையில் பெட்டி, அம்மா மார்போடு அணைத்த முறுக்கு டின், தூங்கிவழியும் பிள்ளை. பாலத்தைக் கடந்தால் மூன்று ரயில்கள், மூன்று தனித்தனிக் கதவுகள். கோமுட்டரிலிருந்து எல்ஆர்டிக்கு மாறுகிறவர் ஒரு கதவில் அட்டையைத் தட்டி வெளியேறி, இன்னொன்றில் மறுபடி தட்டி நுழைய வேண்டும். கட்டணமும் புதிதாகத் தொடங்கும். தண்டவாளங்கள் பக்கத்தில் பக்கத்தில். நிர்வாகங்கள்தாம் வேறு வேறு.

இங்கே பஸ் ஏற வரும் கிள்ளான்காரர்கள் பாடு இன்னும் நீளம். கேஎல் சென்ட்ரலில் இறங்கி ரயில் மாற வேண்டும். அங்கிருந்து டிரான்சிட்டில் பண்டார் தாசேக் செலாத்தான் அடுத்த நிறுத்தம், கோமுட்டரில் நான்காவது. கோமுட்டர் மலிவு, ஆனால் அதன் இடைவெளி பஸ்ஸைத் தவறவிட வைத்துவிடும். டிக்கெட்டில் உள்ள நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே போய்ச் சேருங்கள்.

இந்த நிலையத்துக்கு இன்னொரு தடமோ மாடியோ வேண்டாம். மூன்று ரயில்களுக்கும் ஒரே கதவு, ஒரே கட்டணம். போக்குவரத்து அமைச்சு முதலில் அதைச் செய்யட்டும்.