மருந்துக்கு முந்தைய எட்டு மணி நேரம்

மழை ஓய்ந்து வெயில் எட்டிப் பார்த்தால் கொடைக்கானல் மேல்மலையில் காளான் விசாரிக்கும் ஆட்கள் வந்துவிடுவார்கள். பூம்பாறை, மன்னவனூர், வட்டக்கானல் என்று அலைகிறவர்களில் கேரளத்து இளைஞர்களும் உண்டு; மலைக்கு அந்தப் பக்கம் இடுக்கி மாவட்டத்து வட்டவடைதானே. போதைக் காளானில் இருக்கும் சைலோசைபின் 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடைச் சட்டப்படி தடைக்குள் வரும் பொருள். காளானைச் சைலோசைபின் சேர்ந்த கலவையாகக் கொள்ள முடியாது என்று 2025 ஜனவரியில் கேரள உயர் நீதிமன்றம் ஒரு ஜாமீன் மனுவில் சொன்னது. அதை வைத்துத் தடை நீங்கிவிட்டதாக யாரும் எண்ணிவிடக் கூடாது.

இதே சைலோசைபினை வெளிநாடுகளில் மனச்சோர்வுக்கு மருந்தாகச் சோதிக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் 2023 ஜூலை முதல், மற்ற சிகிச்சைகளுக்கு மசியாத மனச்சோர்வுக்கு, அனுமதி பெற்ற மனநல மருத்துவர்கள் இதைக் கொடுக்கலாம். இதைப் படித்துவிட்டு மலையேறுகிறவர்கள் செய்தியில் பாதியைத்தான் படித்திருக்கிறார்கள்.

மீதிப் பாதி முன்தயாரிப்பு. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் 2006-இல் வெளியிட்ட ஆய்வில் 36 பேர் பங்கேற்றார்கள். முதல் மருந்து நாளுக்கு முன்பே, அன்று உடனிருக்கப்போகும் ஆலோசகர் ஒவ்வொருவரோடும் மொத்தம் எட்டு மணி நேரம் உட்கார்ந்து பேசினார். இத்தகைய ஆய்வுகளில் குடும்பத்தில் மனச்சிதைவு நோய் உள்ளவர்களை ஆரம்பத்திலேயே விலக்கிவிடுகிறார்கள். காட்டில் காளான் விற்கிறவர் இதையெல்லாம் கேட்பதில்லை.

அந்தப் பேச்சின் நடுநாயகம், எதற்காக வந்திருக்கிறோம் என்பதைத் தெளிவாக்கிக்கொள்வது. ‘என் சோர்வு போயிடணும்’ என்று ஒருவர் சொன்னால் ஆலோசகர் அதோடு விடமாட்டார். எப்போது தொடங்கியது, யார் நினைவுக்கு வருகிறார்கள், எதைப் பேசாமல் தவிர்க்கிறீர்கள் என்று மெல்லக் கேட்டுக்கொண்டே போவார். ‘அப்பா இறந்தப்ப நான் அழவே இல்ல, அது என்னன்னு பார்க்கணும்’ என்கிற இடத்துக்கு அவரே வந்து சேரக்கூடும். முதலாவது, பலன் கேட்டு நிற்பது. பலன் கிடைக்காவிட்டால் ஏமாற்றமே மிஞ்சும். இரண்டாவதில், பயமான காட்சி வந்தாலும் ஒதுங்காமல் எதிர்கொள்ள ஒரு பிடி இருக்கிறது. அந்த நோக்கத்தையும் இறுக்கிப் பிடிக்காமல், வருவதை வரவிடச் சொல்லித்தான் அனுப்புகிறார்கள்.

இப்படி ஆயத்தமாவது நமக்குப் புதிதல்ல. வண்டிப்பெரியாறு வழியாகச் சத்திரம், புல்மேடு ஏறிச் சபரிமலைக்குப் போகும் கன்னிச்சாமியைக் குருசாமி 41 நாள் விரதத்தில் பழக்கி, இருமுடி கட்டி அழைத்துப் போவது இங்குள்ளவர்களுக்குத் தெரியும். மலை அதே மலைதான். ஆயத்தமாகிப் போகிறவருக்கு அது வேறு.

என்னைக் கேட்டால், இந்தச் சிகிச்சையில் நம் மலைகளுக்கு இப்போதே வேண்டியது அந்த முன்பேச்சுதான். அதற்கு மருந்தும் வேண்டாம், சட்டத் தடையும் கிடையாது. உதாரணத்துக்கு, 2020 ஆகஸ்ட் 6 அன்று மூணாறை அடுத்த பெட்டிமுடியில் மண்சரிவு எஸ்டேட் லயங்களை மூடியது. 70 பேர் போனார்கள். பெரும்பாலும் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள். அங்கே உறவைப் பறிகொடுத்தவரிடம், ‘உங்களுக்கு எது தீராம இருக்கு?’ என்று அவருடைய பேச்சுத் தமிழிலேயே கேட்டு, பதில் வரும்வரை காத்திருக்க ஓர் ஆள் வேண்டும். பீர்மேடு, தேவிகுளம், பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்துச் சுகாதார மையங்களில் தமிழ் தெரிந்த மனநல ஆலோசகர்களை அரசு நியமிக்க வேண்டும். இப்போதைக்கு 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் இரவு பகல் எந்நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம்.