விமானப் பீரங்கியும் அதன் குண்டுத் தொகையும்

இரண்டாம் உலக யுத்தத்தின்போது, 1943-ல், இந்தியாவில் நிலைகொண்டிருந்த பிரிட்டிஷ் விமானப்படையின் 20-ஆவது ஸ்குவாட்ரனுக்கு ‘ஹரிக்கேன் 2-டி’ விமானங்கள் அளிக்கப்பட்டன. இவற்றின் இறக்கைகளின் அடியில், பக்கத்திற்கு ஒன்றாக, குழல்வாய் விட்டம் 40 மில்லிமீட்டருள்ள விக்கர்ஸ் பீரங்கிகள் இரண்டு பொருத்தப்பட்டிருந்தன. ஒவ்வொன்றுக்கும் உரிய குண்டுகள் 15 மட்டுமே.

இத்தொகை மிகச் சொற்பமாகத் தோன்றலாம். எட்டு இயந்திரத் துப்பாக்கிகள் கொண்ட முந்தைய ஹரிக்கேனில் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் 300-க்கு மேற்பட்ட ரவைகள் இருந்தன. ஆனால் கவசம் துளைக்கும் 40 மில்லிமீட்டர் குண்டோ, வெடிமருந்துக் கூட்டை நீக்கிப் பார்த்தாலும், ஒரு கிலோகிராமுக்கு மேல் எடையுள்ளது. பீரங்கிகளின் பளுவும் காற்றின் எதிர்ப்பும் விமானத்தின் வேகத்தை முன்னரே குறைத்துவிட்ட நிலையில், இன்னும் பெரிய குண்டுப்பெட்டிக்கு இடமேது?

நிமிடத்திற்கு ஏறத்தாழ 100 குண்டு வீதம் சுட்டால், பதினைந்தும் 9 விநாடிகளில் தீர்ந்துவிடும். (மாணவர்க்கு இது நல்ல கணக்கு.) அன்றியும், சுடும்போது ஏற்படும் பின்னுதைப்பால் விமானத்தின் மூக்கு கீழ்நோக்கிச் சாயும், உடனே விடும் அடுத்த குண்டு குறி தவறும். ஆகவே விமானி, எதிரியின் சூட்டுக்கு எளிதில் இலக்காகும் அளவு தாழப் பறந்து, உடனிருந்த இரு சிறு துப்பாக்கிகளின் ரவைகள் சென்று விழும் இடத்தைக் கண்டு குறியைத் திருத்திக்கொண்டு, ஓரிரு குண்டுகளையே விடுவார். அரக்கான் பகுதியில் ஜப்பானியரின் சரக்குப் படகுகளும், 1945 பிப்ரவரியில் ஐராவதி நதியருகே அவர்களுடைய டாங்கிகளும் இவ்வாறே அழிக்கப்பட்டன.